ஆளி எண்ணெய் குடித்த இழைப்புளி

பட்டறையில் இப்போது வேலை செய்யும் இரண்டு பெண்களும் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாசலிலேயே நின்று துப்பட்டாவை நன்றாக உதறி, கைகால் கழுவி, அதன் பிறகே உள்ளே வந்தார்கள். மரத்தூள் என் மூச்சுக்கு ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க பண்ண மாதிரியே ஒண்ணு ரெண்டு போட்டு எழுதிக் குடுத்துடுங்கக்கா," என்றாள் பெரியவள். "நீங்க போனதுல இருந்து இவ ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன். மேடம் எதுவுமே சொல்லாம ரெண்டு பேரையும் பாத்துகினு கீறாங்க. அதுதான் பயமா கீது."

எழுத உட்கார்ந்தேன். முதல் எட்டுப் படிகள் ஒரே காலையில் முடிந்துவிட்டன. ஒன்பதாவதில் கை நின்றுவிட்டது. அந்தப் படியை ஒரு வரியில் எழுதினால் பாதியை மறைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இது நீண்டுவிட்டது.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் 'ஓய்வு பெற்றவள்' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சேவூர் ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்து, ஒன்பது வருடம் ஒரே வேலை செய்தேன்: பலகை சீவும் பழைய மர இழைப்புளிகளைச் செப்பனிட்டு, தச்சர்கள் மறுபடி தினமும் பிடித்து வேலை செய்யும்படி ஆக்குவது. போன மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. வேலூரில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மரம் என்பது. ஈட்டி மரம் என்றேன். பழைய இழைப்புளிகளில் பாதி அந்த மரம்தான். "அந்தத் தூள் இருக்கும் இடத்துக்கு இனிமேல் போகாதீர்கள். குறைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை," என்றார். அவ்வளவுதான். பணி நிறைவு விழா என்று எதுவும் நடக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியும் டிபன் பாக்ஸும் ஒரு பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பட்டறை எஸ்தர் மேடத்துடையது. அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். அவர் கணவருக்குப் பழைய மரக்கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவும் உத்தரமும் வரும்போது, சில சமயம் ஒரு மூட்டை இழைப்புளியும் சேர்ந்து வரும். அதை ஓட்டல் வரவேற்பறைகளில் அலங்காரமாக வைக்கக் கேட்டு வந்தவர்கள் உண்டு. மேடம் கொடுக்கவில்லை. "வேல செய்யற சாமான். வேல செய்யட்டும்," என்பார். கம்பெனி வேலையை விட்டு வந்ததும் ஒரு நெல் குடோனை வாடகைக்குப் பிடித்து இதைத் தொடங்கினார்.

மேடம் இழைப்புளியைப் பிடித்து ஒரு தள்ளுகூடத் தள்ளியதில்லை. ஆனால் அவர் பார்க்காமல் ஒன்றும் வெளியே போகாது. மேசையில் அன்றைய செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார். நாம் ஒரு தேக்குத் துண்டை இழைத்து, வரும் சுருளை அந்தத் தாளின் மேல் நீட்டி வைக்க வேண்டும். சுருளின் வழியாகக் கீழே இருக்கும் செய்தியைப் படிப்பார், வாய்க்குள்ளேயே. ஒரு வரி தடுமாறினாலும் "இன்னொண்ணு" என்பார். மூன்று சுருளிலும் தடுமாறாமல் படித்தால் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்பு. சிவப்புச் சீட்டை எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைப்பார், பக்கத்து மேசைக்காரர் பார்க்காதபடி. ஒன்பது வருடத்தில் "நல்லா இருக்கு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஏன் இப்படிப் பண்ண" என்றும் கேட்டதில்லை.

வேலை பழகிய வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அளவு தெரியும், மரம் தெரியாது. மேடத்துக்குக் குறை தெரியும், காரணம் தெரியாது. இருவருமாகக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். முதல் மூன்று மாதம் நான் சீவும் தகட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பையும் கழற்றி வைத்துவிட்டுக் கட்டையின் அடியைச் சமன் செய்தேன். கண்ணாடி போல வரும். மறுபடி ஆப்பை இறுக்கியதும் அடி கோணிக்கொள்ளும். எல்லாம் சிவப்பு. ஆப்பு இறுகும்போது மரம் முழுவதுமே வளைகிறது என்று புரிந்தது ஒரு திங்கட்கிழமை. அதிலிருந்து, தகட்டை உள்ளே இழுத்துவிட்டு ஆப்பை முழு இறுக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடியைத் தேய்ப்போம். இது உங்கள் பட்டியலில் நான்காவது படி. இதை மாற்றாதீர்கள்.

மற்றவை நீங்கள் பார்த்தவைதான். கட்டையின் பின்புறத்தைத் தட்டி ஆப்பைத் தளர்த்துவது. பூச்சி துளைத்திருக்கிறதா என்று வெயிலில் பார்ப்பது. தகட்டின் துருவை எடுத்து, முதுகை முதலில் சமனாக்கி, பிறகு சாணை பிடிப்பது. அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து, எந்தக் கோடு கடைசியில் அழிகிறது என்று கவனிப்பது. தகடு அடியில் எட்டிப்பார்க்கும் வாய் தேய்ந்து அகன்றிருந்தால் முன்பக்கம் ஒரு துண்டு மரம் பதிப்பது. ஆப்பில் சாக்பீஸ் பூசி எங்கே உட்காருகிறது என்று பார்ப்பது.

ஒன்பதாவது படி, எண்ணெய்.

அதைக் கொண்டுவந்தவள் நான். வெளிநாட்டுத் தச்சர்கள் அந்தக் காலத்தில் புது இழைப்புளியை ஆளி விதை எண்ணெயில் ஊறப்போடுவார்கள் என்று படித்தேன். கட்டையின் வாயை அடியிலிருந்து மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே தகடு நிற்கும் குழியில் எண்ணெயை நிரப்பிவிட வேண்டும். மரம் குடிக்கக் குடிக்க ஊற்ற வேண்டும். நான்கைந்து நாளில் கட்டையின் இரண்டு முனைகளிலும் முத்து முத்தாக எண்ணெய் வெளியே வரும். மேடம் கேட்டார், "எதுக்கு எண்ண, சுகந்தி?" மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, நம் ஊர் மே மாத வெயிலில் கட்டை வெடிக்காது. இரண்டு, கனம் கூடும். மூன்று, பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மேடம் ஒரு சுருளை வைத்துப் படித்தார். பச்சைச் சீட்டு. இரண்டு வருடம் ஒரு புகாரும் வரவில்லை. கதவு, கட்டில், பீரோ செய்கிறவர்களுக்குத்தான் அதுவரை அதிகம் கொடுத்திருந்தோம். அவர்கள் மரத்தில் கொஞ்சம் எண்ணெய் படிந்தால் நல்லதுதான்.

பலராமன் ஆசாரி வந்தது அதற்குப் பிறகு. ஐம்பது வயது இருக்கும். ஆரணியில் கைத்தறிகளுக்கு மர வேலை செய்கிறவர். சட்டம் ஆடினால், மிதி உடைந்தால், ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா துள்ளினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன்னுடைய நீள இழைப்புளியை ஒரு பழைய லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஈட்டி மரம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் கம்மி. அடி நடுவில் குழிந்திருந்தது.

"தறில நாடா ஓடற பலகை இருக்கு பாரு, அது நூலு புடிச்ச மாதிரி நேரா இருக்கணும் பாப்பா," என்றார். "இது எனுக்கு இப்போ மேடு பள்ளம் காட்டுது. மிஷின்ல அடிச்சா அல அலயா வருது. இத்த சரி பண்ணிக் குடு. ஆனா ஜல்தியா வேணும், ரெண்டு தறி நிக்குது."

பத்து நாளில் செய்து கொடுத்தேன். நான் செய்ததிலேயே நன்றாக வந்தவற்றில் அது ஒன்று. வாயில் பதித்த துண்டின் இணைப்பு விரலுக்குத் தெரியாது. அவர் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"எண்ண வாசன வருதே?"

"ஆளி எண்ணெய்ங்க. மரத்துக்கு நல்லது."

"மரத்துக்கு நல்லது சரி. பட்டுக்கு?"

"நல்லா தொடச்சிட்டேன். காஞ்சிடும்ங்க," என்றேன்.

என் உள்ளங்கையால் அடியைத் தடவி, கையை அவரிடம் காட்டவும் செய்தேன். கை காய்ந்துதான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு லுங்கியில் சுற்றிக்கொண்டார். டிப்ளமோ படித்த பெண் சொல்கிறாள் என்று நம்பியிருக்க வேண்டும்.

ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து ஒரு மதியம் திரும்பி வந்தார். அதே லுங்கி. இழைப்புளியை என் மேசையில் வைத்துவிட்டு, "இத்த நீயே வச்சிக்கம்மா. யாருக்காவது குடுத்துடு," என்றார்.

"ஏங்க, ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடிச்சு. அதுதான் பேஜார் ஆயிடுச்சு."

நின்றுகொண்டே சொன்னார். சரசு என்ற நெசவாளி வீட்டுத் தறியில் நாடா பலகையை இந்த இழைப்புளியால் இழைத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாளே அந்தத் தறியில் நீளவாட்டு இழைகளான பாவு ஏறியது, வெள்ளைப் பாவு. சேத்துப்பட்டில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்காக மூன்று பட்டுச் சேலை. நாடா போகிற ஒவ்வொரு தடவையும் பாவின் கீழ் இழைகள் அந்தப் பலகையில் படியும். நெய்தது வெள்ளையாகத்தான் இருந்தது. நெய்ய நெய்யச் சுருட்டிக்கொண்டே போனார்கள். மூன்றும் முடிந்து தறியிலிருந்து அறுத்து, பாவு கொடுத்த முதலாளியின் கடையில் பிரித்தபோது, முதல் சேலை வெந்தயத் தண்ணீரில் நனைத்த மாதிரி மஞ்சளாக இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவது சுத்தம்.

அந்த வரிசையைக் கேட்டதுமே, முதலில் நெய்தது சுருளுக்குள் அதிக நாள் இருட்டில் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆளி எண்ணெய் வெளிச்சத்தில் வெளுக்கும், இருட்டில் மஞ்சளாகும். நான் அதைப் படித்திருந்தேன். படித்த அதே பக்கத்தில் அதுவும் இருந்தது. துடைத்த கட்டை உள்ளே குடித்த எண்ணெயை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் என்பதும் இருந்தது.

"மொதல்ல சரசத்தான் புடிச்சிகினாங்க," என்றார் ஆசாரி. "தலைல எண்ண வழிய தறில குந்தினியான்னு கேட்டாங்க. அது அழுதுகினு நின்னுச்சு. நான் போயி பலகைய மோந்து பாத்தேன். எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. நான்தான், என் இழைப்புளிதான்னு சொல்லிட்டேன்."

"எங்க பட்டறைன்னு சொன்னீங்களா?"

"ஒங்க பேர சொல்லி இன்னா ஆவும்? பலகைல வச்சது நான்தான?"

மேடம் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆசாரிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, அதே குரலில், "யாரு தப்புங்கறது அப்புறம். எண்ண வச்சது மொத்தம் எத்தன, அதுல தறி ஆசாரிங்க கையில எத்தன?" என்றார்.

பதிவேட்டைப் புரட்டினேன். பெயர், ஊர், போன், மரம், நீளம், குறை. ஆறு பத்திகள் நான் போட்டவை. இந்த இழைப்புளி எந்த வேலைக்கு என்பதற்குப் பத்தி இல்லை. ஒவ்வொருவராகப் போன் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்று மாலைக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டோம். தறி வேலைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர். அவர்கள் இழைத்த பலகை எதிலும் வெள்ளைப் பாவு ஏறவில்லை. மேடம் இரண்டையும் திரும்ப வாங்கினார்.

ஆசாரி போகும்போது மேடம் அவரிடம், "ஒரு பத்து நாள் டைம் குடுங்க. நாங்களே வந்து பேசறோம்," என்றார்.

வெள்ளைப் பட்டுக் கழிவு நூலை வாங்கிவந்தேன். எண்ணெய் ஊறிய இழைப்புளியால் ஒரு பலகையை இழைத்து, நூலை அதில் தேய்த்து, ஒரு கற்றையை ஜன்னலிலும் ஒன்றை மூடிய டப்பாவிலும் வைத்தேன். எண்ணெய் படாத இழைப்புளியால் இழைத்த பலகையில் தேய்த்த கற்றைகள் இரண்டு, அதேபோல ஜன்னலில் ஒன்று, டப்பாவில் ஒன்று. தினமும் காலையில் திறந்து பார்த்துக் குறித்துவைத்தேன். எண்ணெய் பட்டு டப்பாவில் இருந்தது மட்டும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் ஒரு சோதனை தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த நாட்களில்தான்.

நான்கு கற்றைகளையும் அட்டையில் ஒட்டிக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: எண்ணெய் வைத்தது நான், ஆசாரி கேட்டபோது காய்ந்துவிடும் என்று சொன்னதும் நான்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்மா," என்றார் முதலாளி. "ஆசாரி நல்ல மனுஷன், எனுக்குத் தெரியாதா? ஆனா தெருவுல இப்ப அவரு பையோட வந்தாலே பொம்பளைங்க பாவு மேல துணியப் போட்டு மூடிடறாங்க. இந்த அட்டய எடுத்துகினு நான் வீடு வீடாப் போயி காட்டணுமா, சொல்லு?"

நான் போனேன். வீடு வீடாக இல்லை, சரசு அக்கா வீட்டுக்கு மட்டும். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த எண்ணக்காரி?"

"ஆமாங்க."

"பதினஞ்சு நாளு தலைக்கு எண்ண வைக்கவே பயந்துகினு பரட்டையாத் திரிஞ்சேன். எங்க வூட்டுக்காரரு பேய் புடிச்சிகிச்சான்னு கேட்டாரு." சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "பாவு குடுக்கறாங்க, இல்லேங்கல. மெரூன் குடுக்கறாங்க, பச்ச குடுக்கறாங்க. வெள்ள மட்டும் என் தறிக்கு வராது. நான் நெய்யற வெள்ளைக்கு இந்தத் தெருவுல ஒரு பேரு இருந்துச்சு தெரியுமா?"

தெரியாது என்றேன். "இப்போ தெரிஞ்சிக்க," என்று நாடாவை இழுத்தார். பலகையை மாற்றியிருந்தார்கள். புதுப் பலகை. பலராமன் ஆசாரி செய்ததா என்று நான் கேட்கவில்லை. மூட்டுகளைப் பார்த்தேன், அவர் கைவேலை இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் மேடம் தன் மேசையில் இருந்தார். ஒரு சீட்டை எழுதி என் மேசையில் வைத்தார். திருப்பினேன். சிவப்பு. கீழே தரம் பார்த்தவர் என்ற இடத்தில், தன் பெயரை எழுதி, அதன் மேலேயே குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார். அந்தச் சீட்டு எனக்கு மட்டும் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு வருடம் அவர் சுருளைப் படித்தார். சுருள் விழுந்த பிறகு பலகையில் என்ன மீந்திருக்கிறது என்பதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

ஆசாரியின் இழைப்புளியை நான் விற்கவில்லை. எண்ணெயை எடுக்க முடிந்ததெல்லாம் செய்தேன். சுண்ணாம்புத்தூளில் புதைத்து வைத்தேன், தூள் மஞ்சளானதும் மாற்றினேன். ஏழு தடவை மாற்றிய பிறகு தூள் வெள்ளையாகவே இருந்தது. பிறகு அடியை மறுபடி சமன் செய்து, அதால் இழைத்த பலகையில் வெள்ளைப் பட்டு நூலைத் தேய்த்து, இருட்டில் வைத்து ஒரு மாதம் பார்த்தேன். மஞ்சளாகவில்லை. ஆசாரிக்குப் போன் செய்தேன். அந்த எண் வேலை செய்யவில்லை. வீட்டில் கேட்டால், மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்விட்டார், மாதம் ஒரு தரம் வருவார் என்றார்கள்.

அவரை நான் பார்த்தது போன பொங்கலுக்கு அடுத்த வாரம், ஆரணி பஸ் ஸ்டாண்டில், பகல் பதினொரு மணிக்கு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக நின்றுகொண்டிருந்தேன், மூக்கை மூடிய மாஸ்க்கோடு. அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா பாப்பா, மூஞ்ச மூடிகினு நிக்கற?"

சொன்னேன். ஈட்டித் தூள் என்றதும் உச்சுக்கொட்டினார். அவர் விரல் இடுக்குகளில் சிமென்ட் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பிளந்திருந்தது. பெரிய கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் வேலை என்றார். சென்ட்ரிங்.

"ஒங்க இழைப்புளி பத்திரமா இருக்குங்க," என்றேன். எனக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டு வேகமாகச் சொன்னேன். "எண்ணெய் சொட்டுக்கூட இல்ல. சோதிச்சுப் பாத்துட்டேன். எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம்."

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனுக்கு இப்போ எண்ண இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா பாப்பா?" என்றார். "கான்கிரீட்டு ஒட்டக்கூடாதுன்னு பலகைக்கு நாங்களே டப்பா டப்பாவா எண்ண ஊத்தித் தேச்சிட்டுத்தான் அடிக்கறோம்."

மெட்ராஸ் பஸ் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒடம்ப பாத்துக்க," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆகவே நீங்கள் கேட்ட பட்டியலில், முதல் படிக்கும் முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கட்டையைக் கையில் வாங்கும் முன், இது எதன் மேல் ஓடப்போகிறது என்று கேளுங்கள். பதிவேட்டில் அதற்கு ஏழாவது பத்தி இருக்கிறது; அதை நிரப்பாமல் ஆப்பைத் தட்டாதீர்கள். ஒன்பதாவது படியை அடித்திருக்கிறேன், கிழித்து எடுக்கவில்லை. அடித்த கோட்டுக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று. மேல் தட்டில், வலது ஓரத்தில், லுங்கித் துணியில் சுற்றிய ஒரு நீள இழைப்புளி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஆப்பைத் தளர்த்தி, தகட்டின் துருவைப் பார்த்து, ஒரே ஒரு சுருள் எடுத்துவிட்டு மறுபடி சுற்றி வையுங்கள். நான் செய்துகொண்டிருந்தேன். யார் கேட்டாலும் விற்க வேண்டாம். பலராமன் என்று ஒருவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள். எதன் மேல் ஓடப்போகிறது என்று அவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.